களக் கட்டளைப் பெட்டி: "ராணுவத் தரம்" டேப்லெட்டுக்குக் காசு போடலாமா?

வெருலம் வாசி

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள வெருலம், டொங்காட், பீனிக்ஸ் மூன்று ஊருக்கும் பொதுவாக ஒரு தொண்டர் குழு களக் கட்டளைப் பெட்டி ஒன்று தயார் செய்கிறது. நகராட்சிப் பேரிடர் மையத்தின் வேலையைப் பிடுங்க அல்ல. கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு, வெளியே போகும் 20 பேரை ஒழுங்குபடுத்தி, மையத்துக்குச் சரியான தகவல் கொடுக்க மட்டும்.

2022 ஏப்ரல் 11, 12-ல் சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கு மேல் கொட்டி, 400 பேருக்கு மேல் இறந்ததை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூன் 3-ல் டொங்காட்டில் டொர்னேடோ. அதனால் மின்சாரமும் கைபேசியும் சேர்ந்து போய்விடும் என்று வைத்துக்கொண்டே பட்டியல் போட்டிருக்கிறது:

ரக்கட் (அடி, மழை தாங்கும்) மடிக்கணினி 14 அங்குலம் ஒன்று, ரக்கட் டேப்லெட் இரண்டு, 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பாட்டரி, 1000 வாட் இன்வெர்ட்டர், 50 வாட் விஎச்எஃப் இருவழி வானொலி, பிகான் (BGAN) செயற்கைக்கோள் இணைய முனையம், 4ஜி ரவுட்டர். எல்லாம் ஒரே பெலிகன் பெட்டிக்குள் (தண்ணீர் புகாத கெட்டிப் பெட்டி).

கேள்வி இதுதான். "மில்-எஸ்டிடி 810எச்" (அமெரிக்க ராணுவத்தின் சோதனைத் தர ஆவணம்) என்று அட்டையில் போட்டிருப்பதற்கு இரண்டு மடங்கு விலை கேட்கிறார்கள். அந்த வார்த்தைக்கு உண்மையில் மதிப்பு உண்டா?

கம்பிக்காரி

பாதி உண்டு. 810 என்பது தேர்ச்சிச் சான்றிதழ் அல்ல, சோதனை முறைகளின் தொகுப்பு. எந்தச் சோதனை, எந்த அளவு என்பதைப் பொருளின் பயனுக்கு ஏற்ப வெட்டித் தைத்துக்கொள்ள அந்த ஆவணமே இடம் கொடுக்கிறது. சோதனையைத் தயாரிப்பாளரே நடத்திக்கொள்ளலாம். அதனால் "810எச்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஒன்றும் எழுதாததற்குச் சமம். "முறை 516, வீழ்ச்சிச் சோதனை, 1.22 மீட்டர்" என்று எண்ணோடு இருந்தால்தான் பேச்சு. முறை 506 மழை, 507 ஈரப்பதம், 509 உப்புப்பனி, 510 மணல்-தூசி, 514 அதிர்வு. விற்பவரிடம் அறிக்கை கேளுங்கள். "பூர்த்தி செய்யும்படி வடிவமைக்கப்பட்டது" என்ற வாசகம் வந்தால் சோதனையே நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

வீழ்ச்சிச் சோதனையில் ஒரு சங்கதி. மொத்தம் 26 வீழ்ச்சி: முகங்கள் 6, விளிம்புகள் 12, மூலைகள் 8. இந்த 26-ஐ ஐந்து கருவிகள் வரை பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆக, கையில் உள்ள ஒரே டேப்லெட் 26 தடவை விழுந்து பிழைத்தது என்று அர்த்தமில்லை. விழும் தரையும் பொதுவாகக் கெட்டித் தளத்தின் மேல் போட்ட பிளைவுட் பலகை; கோயில் வாசல் கருங்கல் அல்ல.

டர்பனுக்கு நான் முதலில் கேட்பது உப்புப்பனி. மழையை எல்லோரும் நினைக்கிறார்கள், கடற்காற்றை மறந்துவிடுகிறார்கள்.

உம்கேனி ஓரம்

> பாதி உண்டு

அக்கா, தூசி, தண்ணீர் புகாமைக்கான ஐபி எண்ணையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். ஐபி67 என்றால் ஐபி65-ஐ விட எல்லா வகையிலும் மேல் என்று இங்கே பாதிப்பேர் நம்புகிறார்கள்.

கம்பிக்காரி

சரியான கேள்வி தம்பி. முதல் எண் தூசி, 6-தான் உச்சம். இரண்டாவது தண்ணீர். 5, 6 என்பவை பீய்ச்சும் தண்ணீர். 7 என்பது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் முழுகுதல். இவை ஏணிப்படி அல்ல. 7 வாங்கிய பொருள் 5-ஐத் தானாகத் தேறியதாகாது. பக்கியின் (பிக்கப் வண்டி) பின்தட்டில் சாய்மழையில் அடிபடும் பொருளுக்கு 5 அல்லது 6 வேண்டும். வெள்ளத்தில் கைதவறக்கூடிய பொருளுக்கு 7 வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் எழுதியிருக்க வேண்டும்.

அதைவிட முக்கியம்: அந்தச் சோதனை புதுப் பொருளில், எல்லா மூடிகளும் அழுத்தி மூடி, நல்ல தண்ணீரில் நடக்கிறது. களத்தில் யூஎஸ்பி மூடியைத் திறந்து சார்ஜ் கம்பி சொருகிய நொடியில் அந்த எண் காணாமல் போகிறது. இரண்டு வருடத்தில் மூடியின் ரப்பர் விறைத்துவிடும். ஓரத்தில் ஒரு மணல்துளி போதும். இந்தக் கருவிகள் உடைந்து சாவது குறைவு. சொருகும் இடத்தில்தான் சாகின்றன. ஆகவே டேப்லெட் தேர்வு செய்யும்போது திரைக்கு முன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கீழே தங்கப் புள்ளிகள் மாதிரி, சார்ஜ் மேடையில் உட்காரும் தொடுமுனைகள் இருந்தால் அதன் வழியாகவே சார்ஜ் செய்து, யூஎஸ்பி மூடியைத் திறக்காமலே வைக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மூடி ரப்பரை ஈரத்துணியால் துடைத்து, நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகத்தடம் எழும்பி வராவிட்டால் மாற்ற வேண்டியதுதான். உப்புத்தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, முழுக்கக் காய்ந்த பிறகே சார்ஜ். ஈரத்தோடு மின்சாரம் கொடுத்தால் தொடுமுனை பச்சை பிடிப்பது ஒரே இரவில் நடக்கும்.

பாட்டரி மாமா

கருவியைப் பற்றிப் பேசுங்கள், நான் கணக்குப் பேசுகிறேன். தம்பி வெருலம், அந்த இன்வெர்ட்டரைப் பட்டியலிலிருந்து எடுங்கள்.

மடிக்கணினி சராசரி 25 வாட், இரண்டு டேப்லெட் 16, ரவுட்டர் 8, செயற்கைக்கோள் முனையம் 15, எல்இடி விளக்கு 10. வானொலி கேட்கும்போது அரை ஆம்பியர், பேசும்போது 10 ஆம்பியருக்கு மேல்; பத்தில் ஒரு பங்கு நேரம் பேசினால் சராசரி 20 வாட். மொத்தம் 94 வாட். 12 மணி நேரத்துக்கு 1128 வாட்-மணி. உங்கள் பாட்டரி 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி, அதாவது 1280. அதில் 90 சதவீதம் எடுத்தால் 1152. மயிரிழையில் ஓர் இரவு தாண்டும்.

இதே சுமையை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் மாற்றத்தில் 13 சதவீதம் போகும், சும்மா இருப்பதற்கே 12 வாட் தின்னும். 120 வாட், 12 மணிக்கு 1440. விடியுமுன் இருட்டு. 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை அடாப்டரில் போட்டு மறுபடி 16-ஓ 19-ஓ ஆக்குவது மூக்கைச் சுற்றித் தொடுகிற வேலை. மடிக்கணினிக்கு வாகன அடாப்டர் வாங்குங்கள், டேப்லெட்டுக்கு 12 வோல்ட்டிலிருந்து நேராக யூஎஸ்பி-சி. இன்வெர்ட்டர் பக்கியிலேயே இருக்கட்டும், யாருக்காவது மூச்சுக்கருவி ஓட்ட வேண்டிவந்தால் உதவும்.

கம்பியின் தடிமன். இதில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். பாட்டரியிலிருந்து வானொலிக்கு 5 மீட்டர், 2.5 சதுர மி.மீ. கம்பி என்று வையுங்கள். போக வர 10 மீட்டர், தடை 0.07 ஓம். 10.5 ஆம்பியர் இழுத்தால் கம்பியிலேயே 0.73 வோல்ட் போய்விடும். பாட்டரி இறங்கி 12.4-ல் நிற்கும்போது வானொலிக்குக் கிடைப்பது 11.67. பெரும்பாலான வாகன வானொலிகள் 13.8 வோல்ட், கூடக்குறைய 15 சதவீதம். கீழ் எல்லை 11.73. விளைவு: கேட்கும்போது எல்லாம் நன்றாக இருக்கும், பேச அழுத்தியதும் அணைந்து அணைந்து எழும். வானொலி பழுது என்று கழற்றி அனுப்பிவிடுவார்கள். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.3 வோல்ட்தான்.

சிகரெட் லைட்டர் பிளக் எதிலும் வேண்டாம். அதிர்வில் தானாக வெளியே வரும், சுருள்வில் சூடாகி பிளாஸ்டிக் இளகும். 50 ஆம்பியர் ஆண்டர்சன் வகை சொருகி போடுங்கள். இங்கே கடையில் "பிராட் ஹாரிசன்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கூட்டின் நிறம் ஒன்றாக இருந்தால்தான் ஒன்றோடொன்று சேரும், அதனால் எல்லாம் ஒரே நிறத்தில் வாங்குங்கள்.

பக்கி ஓடும்போது சார்ஜ் ஏற்ற 25 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். புதிய வண்டிகளின் ஆல்டர்னேட்டர் எரிபொருள் மிச்சம் பிடிக்க வோல்டேஜை இறக்கிவிடும். நேர்க்கம்பி போட்டால் லித்தியம் பாதிகூட நிரம்பாது.

வெருலம் வாசி

மாமா, இன்வெர்ட்டரைப் பட்டியலிலிருந்து அடித்தாயிற்று. எல்லாவற்றையும் ஒரே பெலிகன் பெட்டிக்குள் ஓட்டுவது சரியா?

பாட்டரி மாமா

கொண்டுபோகலாம், மூடி வைத்து ஓட்டக்கூடாது. தண்ணீர் புகாத பெட்டி என்றால் சூடும் போகாத பெட்டி. ரவுட்டரும் சார்ஜரும் உள்ளே சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் அடுப்பு. லித்தியம்-அயன் 45 பாகை செல்சியஸுக்கு மேல் சார்ஜ் ஏற்க மறுக்கும். "டேப்லெட் சார்ஜ் ஏறவில்லை" என்ற புகாரில் பாதி, டாஷ்போர்டில் வெயிலில் வைத்ததால் வருவது.

நிலவரைவாளன்

வரைபடப் பக்கம் யாரும் வரவில்லை, நான் வருகிறேன்.

மென்பொருளுக்கு ஏடாக் (ATAK) என்ற வரைபடச் செயலிதான் நடைமுறை. அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தில் 2010 வாக்கில் பிறந்தது, 2020-ல் பொதுமக்கள் பதிப்பு கூகுள் பிளேயில் வந்தது. ஆண்ட்ராய்டில் ஓடும். ஒவ்வொருவர் இருக்கும் இடமும் ஒரே வரைபடத்தில் தெரியும், குறிப்பு, படம், எல்லைக்கோடு எல்லாம் பகிரலாம்.

இணையம் போகும் முன்பே வரைபடத்தை இறக்கி வைக்க வேண்டும். அளவு எவ்வளவு என்று கேட்பீர்கள். 60-க்கு 60 கி.மீ. சதுரம், பெரிதாக்கல் நிலை 17 என்றால் இந்த அட்சரேகையில் ஒரு ஓடு (வரைபடத்தின் சதுரத் துண்டு) சுமார் 265 மீட்டர். ஏறத்தாழ 51,000 ஓடுகள். ஓடு ஒன்றுக்கு 20 கிலோபைட் என்று வைத்தால் 1 ஜிபி. நிலை 18 கூட்டினால் நான்கு மடங்கு. முழுப் பரப்புக்கும் 17, ஆற்றங்கரைகளுக்கு மட்டும் 18 என்று பிரித்து எடுங்கள்.

பிடிபடாத கோளாறுகள் மூன்று:

ஒரே வைஃபையில் இருக்கும்போது ஏடாக் கருவிகள் மல்டிகாஸ்ட் (ஒரே வலையில் எல்லோருக்கும் ஒருசேர அனுப்பும் முறை) வழியாக ஒன்றையொன்று கண்டுபிடிக்கும். 4ஜிக்குப் போனதும் எல்லோரும் மறைந்துவிடுவார்கள், ஏனென்றால் கைபேசி வலை மல்டிகாஸ்ட்டைக் கடத்தாது. அதற்கு ஏடாக் தகவலை எல்லோருக்கும் கடத்தும் டாக் (TAK) சர்வர் வேண்டும், வழக்கமான போர்ட் எண் 8089. மண்டபத்து மடிக்கணினியிலேயே ஓட்டலாம்.

சர்வர் இணைப்புக்கு டிஜிட்டல் சான்றிதழ் வேண்டும். எட்டு மாதம் அலமாரியில் கிடந்து பாட்டரி சாகடிக்கப்பட்ட டேப்லெட் தேதி தவறி எழுந்திருக்கும். சான்றிதழ் "இன்னும் அமலுக்கு வரவில்லை" என்று நிராகரிக்கும். இணையம் இல்லாததால் நேரமும் தானாகத் திருந்தாது. கையால் தேதியை வைத்த பிறகு இணைக்கவும். சான்றிதழ் காலாவதித் தேதியைப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டி வையுங்கள்.

மூன்றாவது கழித்தல் குறி. நாம் தெற்கே இருக்கிறோம். டர்பன் -29.86, 31.02. அந்தச் சிறு கோட்டை விட்டுவிட்டால் புள்ளி எகிப்தில், கிசா பிரமிடுகளுக்குக் கிட்டே போய் விழும். வரைபடத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்று கருவியைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். வானொலியில் சொல்லும்போது "தெற்கு" என்ற சொல்லை முதலில் சொல்ல வேண்டும். எம்ஜிஆர்எஸ் கட்டம் (ராணுவம் இடம் குறிக்கும் கட்ட எண் முறை) பயன்படுத்தினால் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் 36ஜே. ஆனால் 30 பாகை கிழக்குக் கோட்டுக்கு அந்தப்பக்கம், எஸ்கோர்ட், அண்டர்பெர்க் எல்லாம் 35ஜே. மலைப்பக்கம் உதவிக்குப் போகும் குழு இந்த 35ஜே, 36ஜே முன்குறியை விட்டுச் சொன்னால் நூற்றுக்கணக்கான கி.மீ. தப்பும்.

உம்கேனி ஓரம்

நான் இதிலேயே வேறு கட்சி. இவ்வளவு ரக்கட் எதற்கு? படைவீரர் கையில் வரைபடக் கருவி கொடுக்கும் அமெரிக்கத் தரைப்படையின் நெட் வாரியர் திட்டமே கடையில் விற்கும் சாம்சங் கேலக்ஸி போனுக்குத்தான் வந்து சேர்ந்தது. ஒரு ரக்கட் டேப்லெட் விலையில் நான்கு சாதா போன், நல்ல உறை, கழுத்தில் மாட்டும் நீர்புகாப் பை. ஒன்று போனால் அடுத்தது.

கம்பிக்காரி

வெளியே போகும் 20 பேருக்கு நீ சொல்வது சரி, நானும் அதையே செய்வேன். மேசைக்கும் பக்கிக்கும் சரியில்லை. காரணம் உடைவதல்ல, மூன்று வேறு விஷயங்கள்.

ஒன்று, திரை வெளிச்சம். சாதா டேப்லெட் திரை பெரும்பாலும் 400-500 நிட் (வெளிச்ச அளவு). வெளியே பகலில் வெறும் கண்ணாடி. ரக்கட் திரைகள் 1000 தாண்டும். பானசோனிக் டஃப்புக் 40 மடிக்கணினித் திரை 1200.

இரண்டு, பாட்டரி கழற்றி மாற்றுவது. டஃப்புக் 40-ல் இரண்டாம் பாட்டரி போட்டால் ஓடும்போதே ஒன்றை மாற்றலாம். கேலக்ஸி டாப் ஆக்டிவ் வரிசையில் பாட்டரியே இல்லாமல் வாகன மின்சாரத்தில் ஓட்டும் வசதி உண்டு. வெயிலில் பக்கிக்குள் வைத்துவிட்டுப் போகும் கருவிக்குப் பாட்டரி ஊதாமல் இருக்க அதுவே வழி.

மூன்று, மழையில் தொடுதிரை. தண்ணீர்த்துளியை விரல் என்று நினைத்துத் தானே எதையாவது அழுத்தும். இதில் பெரும்பாலோர் செய்யும் தவறு, மழைக்குக் கையுறை முறையை ஏற்றுவது. கையுறை முறை உணர்திறனைக் கூட்டுகிறது, அதனால் துளிகள் இன்னும் அதிகமாக அழுத்தும். ஈர முறை என்று தனியே இருந்தால் அதைப் போடு. இல்லாவிட்டால் பேனா, அல்லது பக்கத்துப் பொத்தான்கள். அதுவும் வேண்டாமென்றால் நீர்புகாக் காகிதமும் பென்சிலும். அது ஐபி எண் கேட்பதில்லை.

சாட்ஸ்வொர்த் அலை

தொடர்பு பற்றி. இந்த மாகாணம் முழுக்கக் குன்றும் பள்ளமும். விஎச்எஃப் நேர்க்கோட்டில் ஓடுவது; பள்ளத்தில் இறங்கிய குழுவுக்கு 50 வாட் இருந்தாலும் 5 வாட் இருந்தாலும் ஒன்றுதான். வாட்டைக் கூட்டாதீர்கள், ஆன்டெனாவைத் தூக்குங்கள். மண்டபக் கூரைக்கு மேல் 6 மீட்டர் கம்பம் செய்யும் வேலையை எந்தப் பெருக்கியும் செய்யாது.

மலைக்கு அப்பால் பேச எச்எஃப் (வானில் பட்டுத் திரும்பும் சிற்றலை). அமெச்சூர் உரிமம் உள்ளவர் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஹாம்நெட்காரர்களோடு (அவசரகால அமெச்சூர் வானொலித் தொண்டர்கள்) முன்பே பேசி வையுங்கள். 40 மீட்டர் அலையில் 7.110 மெகாஹெர்ட்ஸ் நம் அமெச்சூர் மண்டலத்தின் அவசரகால மைய அலைவரிசை. அதற்கு இருமுனைக் கம்பி ஒவ்வொரு கையும் 10.05 மீட்டர். உயரே கட்ட வேண்டாம், 3 முதல் 5 மீட்டர் போதும். தாழக் கட்டினால் அலை நேரே மேலே போய் மழை மாதிரி சுற்றிலும் 300 கி.மீ. விழும், குன்று தடுக்காது. வண்டியில் நிற்கும் செங்குத்துக் கம்பி இதற்கு ஆகாது. பக்கத்து ஊரைத் தாண்டிப் போய்விடும். இரவில் 40 மீட்டர் அலை திரும்பி விழாமல் போனால் 80 மீட்டர் அலைக்கு இறங்குங்கள்.

பிகான் முனையம். டர்பனிலிருந்து 25 பாகை கிழக்கில் உள்ள செயற்கைக்கோளைப் பார்க்க, உயரக்கோணம் சுமார் 54 பாகை, உண்மை வடக்கிலிருந்து 12 பாகை மேற்கே. திசைகாட்டியை வைத்துக்கொண்டு அப்படியே திருப்பாதீர்கள்: இங்கே காந்த விலக்கம் (ஊசி உண்மை வடக்கிலிருந்து விலகும் கோணம்) மேற்கே 20 பாகைக்கும் மேல். உண்மை 348 என்பது காந்த ஊசியில் வடக்குக்குச் சற்றுக் கிழக்கே வரும். போனில் உள்ள திசைகாட்டியில் "உண்மை வடக்கு" அமைப்பு உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். தெற்கு வாசலில் வைத்துவிட்டு மண்டபச் சுவரைக் குறைசொல்வது வழக்கமாக நடப்பது.

வேகம் அதிகபட்சம் 492 கிலோபிட். காசு மெகாபைட் கணக்கு. டேப்லெட்களைச் சும்மா இணைத்தால் மென்பொருள் புதுப்பிப்பும் படக் காப்பும் ஓடி மாதக் கணக்கை அரை மணியில் தின்றுவிடும். ரவுட்டரில் எல்லாவற்றையும் தடுத்து, மின்னஞ்சலையும் டாக் சர்வரையும் மட்டும் திறங்கள்.

ஸ்டார்லிங்க் என்று யாராவது கேட்பீர்கள். 2025 வரை இக்காசா (இங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்காற்று அமைப்பு) உரிமம் கிடைக்கவில்லை. பக்கத்து நாட்டில் பதிந்த தட்டைக் கொண்டுவந்து அதை நம்பித் திட்டம் போடாதீர்கள், எப்போது வெட்டுவார்கள் என்று தெரியாது.

உம்கேனி ஓரம்

அலை அண்ணே, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் குறுஞ்செய்தி கடத்தும் மெஷ்டாஸ்டிக் லோரா வானலைப் பெட்டிகள் 20 வாங்கி எல்லோர் பையிலும் போட்டால் போதாதா? உரிமம் வேண்டாம், மலிவு.

சாட்ஸ்வொர்த் அலை

நல்ல பொம்மை, எல்லை தெரிந்து விளையாடினால் நல்ல கருவியும்கூட. வாங்கும்போது 868 மெகாஹெர்ட்ஸ் வகை வாங்கு. 915 வகை அமெரிக்காவுக்கானது. இங்கே அது ஜிஎஸ்எம் 900 அலைவரிசையின் மேல் ஏறும். ஆள் தேடும் இடத்தில் கைபேசிக் கோபுரத்தின் காதை நீயே அடைக்காதே.

அடுத்தது நெரிசல். இயல்பு அமைப்பில் வேகம் நொடிக்கு 1 கிலோபிட் அளவுதான்; ஓர் இடச் செய்தி ஏறத்தாழ ஒரு நொடி காற்றை அடைக்கும். 20 பேர் 30 நொடிக்கு ஒரு தடவை அனுப்பினால் நிமிடத்துக்கு 40 செய்தி. ஒவ்வொன்றையும் இன்னொரு பெட்டி ஒரே முறை திருப்பிச் சொன்னாலும் 80 நொடி. நிமிடத்தில் 60 நொடிதானே இருக்கிறது. இட அறிவிப்பை 5 நிமிடமாக்கு. குரலுக்கு உரிமம் வேண்டாத பிஎம்ஆர்446 கைவானொலி, அரை வாட், தெரு அளவுக்குப் போதும்.

நிலவரைவாளன்

ஒரு சின்ன இடைச்செருகல். 1917 அக்டோபர் 28-ல் உம்கேனி ஆறு பெருகி, ஸ்பிரிங்ஃபீல்ட் பக்கம் டின் டவுன் முழுகியபோது படவட்டான் தலைமையில் ஆறு பேர் தங்கள் மீன்பிடிப் படகை எடுத்துக்கொண்டு போய் 176 பேரைக் கரையேற்றினார்கள். நாம் "கடையில் வாங்கிய பொருளைக் களத்துக்குக் கொண்டுபோவது" என்று இப்போது பேசுகிறோம். கடலில் தினம் பயன்படுத்திய படகு அது, அலமாரியில் கிடந்ததில்லை. பெட்டியை மாதம் ஒரு முறை கோயில் அன்னதானத்துக்காவது எடுத்து ஓட்டுங்கள். காவடிக் கூட்டத்தில் வழிதவறிய குழந்தை தேட இதைவிட நல்ல ஒத்திகை கிடைக்காது.

வெருலம் வாசி

பட்டியல் மாறிவிட்டது. ரக்கட் மடிக்கணினி 1, தொடுமுனைச் சார்ஜ் உள்ள ரக்கட் டேப்லெட் 1 (இரண்டு அல்ல), சாதா போன் 6, நீர்புகாப் பைகளோடு. பாட்டரி 100 ஆம்பியர்-மணி இரண்டு. 6 சதுர மி.மீ. கம்பி 20 மீட்டர், டிசி-டிசி சார்ஜர், சொருகி 10 ஜோடி, 868 பெட்டி 8, நீர்புகாக் குறிப்பேடு 12. இன்வெர்ட்டர் பக்கியில். பாதிக்கப்பட்டவர்களின் பெயர், படம் பதியும் டேப்லெட்டுக்குக் கடவுச்சொல்லும் வட்டுப் பூட்டும் போட்டிருக்கிறது, பொப்பியா (தனிநபர் தகவல் பாதுகாப்பு) சட்டம் தொண்டர் குழுவையும் விடாது.

மாமா, பியூஸ் எங்கே, எத்தனை?

பாட்டரி மாமா

பாட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 40 ஆம்பியர் ஒன்று, ஒவ்வொரு பாட்டரிக்கும் தனித்தனி. பியூஸ் காப்பது கருவியை அல்ல, கம்பியை. அதனால் கருவிப் பக்கம் மட்டும் போட்டால் நடுவில் உள்ள 5 மீட்டர் அநாதை. வானொலிக் கிளைக்கு 20, டேப்லெட், ரவுட்டர் கிளைக்கு 10. அதே அளவில் மூன்று மூன்று உதிரி, பெட்டி மூடியில் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு பாட்டரியையும் பக்கவாட்டில் (பாரலலாக) இணைக்கும் முன் இரண்டையும் தனித்தனியே முழுக்கச் சார்ஜ் செய்யுங்கள், இல்லாவிட்டால் நிறைந்தது காலியானதன் மேல் பாய்ந்து முதல் நாளே பியூஸ் போகும்.